அக்கா மகன் வீட்டில் அடி வாங்குகிறான். சித்தியாக நான் எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கொளத்தூரில் இருக்கும் அக்காவின் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. அப்பா பெல்ட்டாலும் கையாலும் அடிக்கிறார். இரண்டு வாரம் முன்பு கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தியிருக்கிறார். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, நல்ல சம்பளம், அக்கம்பக்கத்தில் மரியாதை. அக்கா "படிக்கணும்னுதானே கண்டிக்கிறாரு" என்கிறார். 11 வயதுத் தங்கை மேல் கை வைப்பதில்லை. நீங்கள் பல்லாவரத்தில் இருக்கிறீர்கள். "போலீஸுக்குப் போனா பையனை ஹோம்ல போட்டுடுவாங்களா?" என்று முடித்திருக்கிறீர்கள். அக்காவின் குடும்பம் உடையாமல், பையனும் பிழைக்க வழி உண்டா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் பல வருடம் இருப்பதால் பதில் எழுதுகிறேன். நான் வக்கீலோ டாக்டரோ இல்லை. பையனையும் நேரில் பார்க்கவில்லை. அவன் சொல்வதும் நான் எழுதுவதும் மோதினால் அவன் சொல்வதையே நம்புங்கள்.

ஹோம் பற்றிய பயத்தைப் பிறகு பேசுகிறேன். கழுத்தைப் பிடித்தார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அது. பெல்ட் அடியைவிட அது ஆபத்தானது. கழுத்தை நெரிக்கும்போது வெளியே தடமே விழாமல் உள்ளே ரத்தக்குழாயிலோ குரல்வளையிலோ காயம் படலாம். அதன் விளைவு சில மணி நேரத்திலும் தெரியலாம், சில நாள் கழித்தும் தெரியலாம். குரல் கம்மிப் போயிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, கண் வெள்ளையிலோ காதுக்குப் பின்னாலோ சிவப்புப் புள்ளிகள் வந்தனவா, அந்த நேரத்தில் கண் இருண்டதா, சிறுநீர் போய்விட்டதா, அதற்குப் பிறகு விடாத தலைவலியோ கை கால் மரத்துப்போவதோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒன்றுக்காவது "ஆமா" வந்தால், இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று பார்க்காமல் அரசு பொது மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இன்னொரு முறை நடந்தால் அறிகுறி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும். குடும்ப வன்முறையில் கழுத்தில் கை வைப்பது நிலைமை மோசமாகிறது என்பதற்கான அடையாளம். இந்தத் துறையில் யாரும் அதை இன்னொரு அடி என்று எண்ணிக் கடந்து போக மாட்டார்கள்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பது 12 வயது வரை. 15 வயதுப் பையனைக் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ராஜீவ் காந்தி போன்ற பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டில் இருக்கும்போது நடந்தால் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம். அவசரப் பிரிவில் "அடிச்சதுல காயம்" என்று சொன்னால் ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டரில் பதிவார்கள். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது அதைத்தான். யார், எதால், எப்போது, எங்கே அடித்தார் என்று நோயாளி சொல்வதை டாக்டர் அதில் எழுதுவார். பெரும்பாலான வழக்குகள் சறுக்குவது இங்கேதான். கூட வந்த பெரியவர் வெட்கப்பட்டு "மாடிப்படியில விழுந்துட்டான்" என்று சொல்லிவிடுவார். ஆறு மாதம் கழித்து உண்மையைச் சொன்னாலும் அந்த முதல் வரி குறுக்கே நிற்கும். பையன் தன் வாயால் சொல்லட்டும். "அப்பா பெல்ட்டால அடிச்சாரு" என்ற வாக்கியம் போதும். பதிவான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையிலிருந்து போலீஸுக்குத் தகவல் போகும். அதையும் முன்கூட்டியே பையனிடம் சொல்லிவிடுங்கள், அங்கே போய்த் திடுக்கிடக் கூடாது.

அறைந்ததில் காது இரைந்தாலோ, ஒரு பக்கம் கேட்கவில்லை என்றாலோ, நீர் வடிந்தாலோ செவிப்பறை கிழிந்திருக்கலாம். நம் வீடுகளில் உடனே நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். எண்ணெயும் கூடாது, தண்ணீரும் கூடாது. காதை உலர்வாக வைத்துக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். தலையில் அடி பட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், உளறல் வந்தால் 108.

காயங்களைப் படம் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. பகல் வெளிச்சத்தில், முகமும் காயமும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, காயத்தின் பக்கத்தில் ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்துக் கிட்டத்தில் ஒன்று. மறுநாளும் எடுங்கள், கன்றிப்போனது சில நேரம் ஒரு நாள் கழித்துத்தான் மேலே தெரியும். உங்கள் போனில் எடுங்கள், அவன் போனில் வேண்டாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரமும் குறையும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். நிறத்தை வைத்து "இது நாலு நாள் முந்தையது" என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம், அப்படிக் கணிக்க முடியாது என்பது தடயவியல் மருத்துவத்தில் தீர்ந்த விஷயம். காயம் எந்த இடத்தில், என்ன வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் பேசும். பந்து விளையாடி விழுபவனுக்கு முழங்கால், முழங்கை, முன்நெற்றி. காது மடல், கழுத்து, முதுகு, தொடையின் பின்புறம், தடுக்கத் தூக்கிய முன்கையின் வெளிப்பக்கம் என்றால் கேள்வி கேட்க வேண்டும். பெல்ட் இரண்டு இணைகோடாகப் பதியும், மடித்த வயர் வளையமாகப் பதியும்.

நடத்தையை வைத்து முடிவுக்கு வருவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, பி.டி. வகுப்புக்கு மட்டம், டியூஷன் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தெருமுனையில் நிற்பது, சாவி திருகும் சத்தம் கேட்டதும் முகம் மாறுவது எல்லாம் அடி வாங்கும் பிள்ளைகளிடம் உண்டு. காதலில் இருக்கும் பையனிடமும், தேர்வில் தோற்றுப்போன பையனிடமும்கூட உண்டு. அவற்றைக் கேள்வி கேட்க ஒரு காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சாட்சியாக அல்ல.

கேட்பதற்கு இடம் முக்கியம். அக்கா வீட்டில், அதுவும் ஒரு சுவர் தாண்டினால் எல்லாம் கேட்கும் போர்ஷன் வீட்டில், கேட்காதீர்கள். இந்த வயதுப் பையன்கள் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள். பக்கத்தில் நடந்துகொண்டோ, வண்டியில் போகும்போதோ, பீச்சில் கடலைப் பார்த்து உட்கார்ந்தபடியோ சொல்வார்கள். "உன்னை ஏன்டா அடிச்சாரு?" என்று தொடங்க வேண்டாம். அந்த 'ஏன்' அவன் காதில் "நீ என்ன தப்பு செஞ்ச?" என்றுதான் விழும். "கடைசியா எப்போ நடந்துச்சு? எதால? எங்க பட்டுச்சு? அப்போ யாரு இருந்தாங்க? அம்மாவுக்கும் விழுமா? வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினாரா? சாப்பாடு போடாம இருந்தாங்களா?" என்று நடந்ததை மட்டும் கேளுங்கள். அவன் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு, அன்றிரவே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு சித்தி" என்று நிச்சயம் கேட்பான். சத்தியம் செய்யாதீர்கள். "உன்கிட்ட சொல்லாம யார்கிட்டயும் போக மாட்டேன்" என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு, அதைக் கொடுங்கள். ஒரே கதையை மாமாவுக்கு ஒரு முறை, பாட்டிக்கு ஒரு முறை என்று திரும்பச் சொல்ல வைக்கவும் வேண்டாம்.

தற்கொலை எண்ணம் உண்டா என்பதையும் நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணியிருக்கா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை ஏற்படுத்திவிடுவோம் என்ற பயம் தவறு, ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ரிவிஷன் தேர்வு மார்க் வரும் நாட்களும் மே மாத ரிசல்ட்டும் ஆபத்தான நாட்கள், ஏனென்றால் அடியும் அன்றைக்குத்தான் விழும். "தோணுச்சு" என்றால் எப்படி என்று யோசித்தானா, அந்தப் பொருள் வீட்டில் இருக்கிறதா என்று தொடர்ந்து கேட்டு, அன்றைக்கு அவனைத் தனியே விடாதீர்கள். 14416 டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

இனி "கண்டிக்கிறார்" என்ற சொல். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கிறது. வீட்டில் பெற்றோர் அடிப்பதை முழுதாகத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 'அப்பா அடிக்கலாம்' என்று சட்டம் சொல்கிறது என்பதும் கட்டுக்கதை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவு, நல்லெண்ணத்தில் பிள்ளையின் நன்மைக்காகக் காப்பாளர் செய்யும் செயலுக்கு விலக்கு தருகிறது. அது 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத்தான். அதே சட்டத்தில் காயம் உண்டாக்குவது 115(2)-இல் வரும். எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ 15 நாள் கடும் வேதனையில் கிடந்தாலோ அது கொடுங்காயம், 7 ஆண்டு வரை போகும். சூடு வைப்பது, அதாவது காய்ச்சிய கரண்டி, ஊதுபத்தி, இஸ்திரிப் பெட்டி, 118-இல் தனியாகவே வருகிறது. இவை போக, இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆவது பிரிவு, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரே கொடுமை செய்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பெற்றோரும் இதில் அடக்கம்.

ஏட்டில் இவ்வளவு இருந்தும் ஸ்டேஷனில் உடனே எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள், அதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் இல்லை. எலும்பு முறியாத சாதாரணக் காயத்தில் மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. 75-ஆவது பிரிவும் 2021 திருத்தத்துக்குப் பிறகு அதே வகைக்குப் போய்விட்டது. அதனால் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்ததற்கான ஒப்புகை, கொடுத்து, அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்புவதே வழக்கம். பையன் அதே ஆட்டோவில் அதே அப்பாவோடு வீட்டுக்குப் போவான். இதனால்தான் உயிர் ஆபத்து இல்லாத நிலையில் முதல் வாசலாக நான் ஸ்டேஷனைச் சொல்வதில்லை. கை ஓங்கிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்துக்கு 112, அவசர உதவி எண். மற்றதற்கு 1098, குழந்தைகளுக்கான உதவி எண்.

1098 முன்பு தொண்டு நிறுவனங்கள் வழியே நடந்தது. 2023-இல் அரசே எடுத்துக்கொண்டு 112-உடன் இணைத்தது. இலவசம், 24 மணி நேரம், பையனே தன் போனிலிருந்து கூப்பிடலாம், உங்கள் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம். பேசும்போது "ஒரு பையனை ரொம்ப அடிக்கிறாங்க" என்று மொத்தமாகச் சொன்னால் சாதாரணக் குறிப்பாகப் போய்விடும். வயது, வகுப்பு, முகவரி, கடைசியாக நடந்த தேதி, எதால், கழுத்தைப் பிடித்தது, தங்கை இருப்பது, அப்பா வீட்டில் இல்லாத நேரம், பையனைத் தனியாகச் சந்திக்க வசதியான இடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுங்கள். "வீட்டுக்கு நேரா போய் அப்பா முன்னாடி கேட்காதீங்க, ஸ்கூல்ல பாருங்க" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். இரண்டு நாளில் யாரும் வரவில்லை என்றால் மறுபடி கூப்பிடுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எழுத்தில் கொடுங்கள். கொளத்தூர் சென்னை மாவட்டம், பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம். போலீஸ் கமிஷனரகமும் வேறு, உங்களுடையது தாம்பரம். பையன் உங்கள் வீட்டில் இருக்கும்போது புகார் செய்தால் எந்த மாவட்டம் என்ற குழப்பம் வரும். எங்கே இருந்தாலும் முதலில் எடுத்துக்கொண்டு பிறகு மாற்ற வேண்டியது அவர்கள் வேலை. முகவரி கொளத்தூர் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் அலைச்சல் குறையும்.

இப்போது ஹோம். வீட்டில் காயப்படுத்தப்படும் பிள்ளையைச் சட்டம் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்கிறது. குற்றம் செய்த சிறுவர்களுக்கு இருப்பது வேறு அமைப்பு, இளைஞர் நீதிக் குழுமம். இவன் போவது குழந்தைகள் நலக் குழு முன்பு: ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். பையனை அழைத்து வந்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும். வீட்டைப் பற்றிய சமூக விசாரணை 15 நாளில், இறுதி உத்தரவு 4 மாதத்துக்குள். பெற்றோரிடமே மேற்பார்வையுடன் திரும்ப ஒப்படைக்கலாம், தகுதியான நபரிடம், அதாவது உங்களைப் போன்ற உறவினரிடம், ஒப்படைக்கலாம், இல்லத்தில் வைக்கலாம். இல்லம் என்பது வேறு வழி இல்லாதபோதுதான் என்பது சட்டத்தின் கொள்கை. ஆனால் 'வேறு வழி' யாராவது முன்வந்து நின்றால்தான் குழுவுக்குத் தெரியும். ஆதார், முகவரிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவன் எங்கே படுப்பான், எந்தப் பஸ்ஸில் பள்ளிக்குப் போவான் என்ற விவரத்தோடு "நான் வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் சித்தி இருந்தால், பெரும்பாலும் ஹோம் என்ற பேச்சு அங்கேயே அடங்கிவிடும். ஒரு இரவோ சில நாளோ வரவேற்பு இல்லத்தில் தங்க நேரிடலாம் என்பதை மறைக்க மாட்டேன், குறிப்பாக மாலையில் அழைத்து வந்தால். அதனால் முடிந்தவரை காலையில் நடக்கும்படி பாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது இல்லத்தில் போடுவது இல்லை, அவசரமாகத் திருப்பி அனுப்புவது. ஒரு கவுன்சலிங், அப்பாவிடம் ஒரு உறுதிமொழி, முடிந்தது கோப்பு. அப்படி ஆகும்போலத் தெரிந்தால் 'மேற்பார்வையுடன்' என்ற சொல் உத்தரவில் இருக்கும்படி கேளுங்கள். யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அடுத்து குழு முன் வர வேண்டிய தேதி என்ன என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பையன் என்ன விரும்புகிறான் என்று கேட்க வேண்டியது குழுவின் கடமை. அப்பா வெளியே இருக்கும்போது தனியாகப் பேச வேண்டும் என்று அவனே கேட்கலாம். இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15100, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது.

குழுவுக்குச் சொல்லாமல் பையனை நீங்களே தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா? அக்கா சம்மதித்து அனுப்பினால் லீவுக்கு வந்த மாதிரி வைத்துக்கொள்ளலாம், பல குடும்பங்களில் நடப்பதும் அதுதான். அக்கா மறுத்தால் கூடாது. பழைய சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 16 வயது வரைதான் 'காப்பாளரிடமிருந்து கடத்தல்' வரும். புதிய சட்டத்தில் ஆணோ பெண்ணோ 18 வரை. அப்பா புகார் கொடுத்தால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அவனாக ஓடி வந்து கதவைத் தட்டினால் உள்ளே விடுங்கள், உடனே 1098-க்குச் சொல்லி எண் வாங்குங்கள். அந்த எண்தான் உங்களுக்குக் கவசம்.

அக்காவை எதிரியாக்க வேண்டாம். "படிக்கணும்னுதானே" என்ற பேச்சுக்குப் பின்னால் நம்பிக்கையும் இருக்கலாம், பயமும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள், அதில் மரியாதையான வீடுகளும் சேர்த்திதான். தனியாக, "உன்னையும் அடிக்கிறாராக்கா?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், பதில் ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அவர் மனம் மாறினால் கையில் பெரிய ஆயுதம் ஒன்று இருக்கிறது: 2005 குடும்ப வன்முறைச் சட்டம். பையன் ஆண் என்பதால் அதில் தானே மனு போட முடியாது. அம்மா போட்டால் பாதுகாப்பு உத்தரவில் பிள்ளைகளும் வருவார்கள், வீட்டை விட்டு அப்பா வெளியேற வேண்டும் என்றுகூட உத்தரவு வாங்கலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும், ஆனால் இடைக்கால உத்தரவு முன்பே கிடைக்கும். தொடக்கம் பெண்களுக்கான உதவி எண் 181, அல்லது பாதுகாப்பு அலுவலர்.

அப்பா குடிக்காதவர், மரியாதையானவர் என்பதை ஒரு ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். குடி அடியைக் கூட்டும், ஆனால் குடி இல்லாத வீட்டிலும் திட்டமிட்ட அடி விழலாம். மார்க்குக்கு இத்தனை அடி என்று கணக்கு வைத்து, முகத்தில் படாமல் அடிப்பவர் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்தான். வீடுகளில் யார் அடிக்கிறார்கள் என்பதில் சந்தேகம் குறைவு. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றோர். மொத்தமாக அடி வாங்கியவர்களில் ஆண் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல், 54.68 சதவீதம். அந்த 13-இல் தமிழ்நாடு இல்லை, எனவே சென்னைக் கணக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடியால் படிப்பு வருமா என்பதற்கும் பதில் உண்டு: 2016-இல் வந்த, 75 ஆய்வுகளையும் 1,60,927 பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பில், அடி நல்ல விளைவோடு எங்கும் சேரவில்லை. மூர்க்கம், மனச்சோர்வு, பெற்றோரோடு விரிசல் போன்றவற்றோடுதான் சேர்ந்தது. அது பெரும்பாலும் சாதாரணமாகக் கையால் அடிப்பதைப் பற்றியது, பெல்ட்டைப் பற்றியதுகூட இல்லை. அதே நேரம், அடி வாங்கியவன் நாளை அடிப்பவனாவான் என்று அவன் காதுபட யாரும் சொல்ல வேண்டாம். ஆபத்து கூடுகிறது என்பது உண்மை, பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை என்பதும் உண்மை.

செய்யக் கூடாதவை சில. பெரியப்பா, தாய்மாமன் எல்லோரையும் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். கூடத்தில் அப்பா தலையாட்டுவார், எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு "வீட்டு விஷயத்தை வெளிய சொல்றியா" என்று அன்றிரவே இரண்டு மடங்கு விழும். பாதுகாப்பான ஏற்பாடு தயாராகும் வரை அவரிடம் நேரில் கேட்கவே வேண்டாம். "திருப்பி அடிடா, வளர்ந்துட்டல்ல" என்று பையனை உசுப்பாதீர்கள். இந்த வயதில் உயரம் அப்பாவைத் தொட்டுவிடும், அம்மாவைக் காக்கக் குறுக்கே பாயும் பையன்களுக்குத்தான் பெரிய காயமும் படுகிறது, அவன் மேல் வழக்கும் வரலாம். அடிக்கும் வீடியோ கிடைத்தால் குரூப்பில் போடாதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவில் குற்றம், 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் உண்டு.

இந்த வாரமே செய்யக்கூடியது: உங்கள் எண்ணை அவன் மனப்பாடம் செய்யட்டும், போனைப் பிடுங்குவதுதான் அந்த வீட்டின் முதல் தண்டனை. பக்கத்து மளிகைக் கடையோ நண்பன் வீடோ, கூப்பிட ஒரு இடம் முடிவு செய்யுங்கள். பேச முடியாதபோது சொல்ல ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், "சித்தி, மேத்ஸ் நோட்டு உங்க வீட்ல இருக்கா?" என்று கேட்டால் வர வேண்டும் என்று அர்த்தம். சண்டை தொடங்கினால் சமையலறை, பாத்ரூம், மொட்டை மாடி பக்கம் போகாமல் வாசல் பக்கம் நகர வேண்டும். ஆதார் நகல், பள்ளி அடையாள அட்டை நகல், ஹால் டிக்கெட் வந்ததும் அதன் நகல், ஒரு செட் சீருடை, இருநூறு ரூபாய் உங்கள் வீட்டில் இருக்கட்டும். எங்கே தங்கினாலும் தேர்வு மையம் மாறாது, பல்லாவரத்திலிருந்து காலையில் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு நாள் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆசிரியர்களில் ஒருவரையாவது நம்பலாம் என்று அவன் சொன்னால் அவரிடம் சொல்லுங்கள். எல்லா ஆசிரியர்களிடமும் வேண்டாம்.

கடைசியாகத் தங்கை. "அவ மேல கை வைக்கிறதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் அடி வாங்குவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கும் பிள்ளைக்கும் பாதிப்பு உண்டு, 1098-இல் அவள் பெயரும் சேர வேண்டும். ஒரு பிள்ளையை அடித்து இன்னொன்றுக்குத் தனியாகச் செல்லம் கொடுக்கும் வீட்டில், அந்தச் செல்லத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது இந்த வேலையின் பழக்கம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அவளிடமும் தனியாக, "வீட்ல உனக்குப் பிடிக்காத மாதிரி யாராவது நடந்துக்கிறாங்களா?" என்று கேளுங்கள். தொடுவது பற்றி ஏதாவது சொன்னால் அதற்கு மேல் துருவாதீர்கள், யாரிடமும் ஊர்ஜிதம் செய்யப் போகாதீர்கள். அந்த இடத்தில் போக்சோ, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம், வந்துவிடுகிறது, தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், அது உங்களையும் சேர்த்து. அவள் வாக்குமூலத்தை வீட்டிலோ அவளுக்குப் பிடித்த இடத்திலோ, சீருடை அணியாத பெண் எஸ்.ஐ. வந்து எடுப்பார், ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அப்படி ஒரு பதில் வந்தால் மேலே நான் சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது, அன்றைக்கே கூப்பிடுங்கள்.